தெற்கே எட்டு, மேற்கே அரை



உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படிக்கும் பிள்ளைகள் நமக்கு எழுதும் கடிதங்களில் ஒரு முறைப்பாடு ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. மூன்றும் நாலும் ஏழு என்று சின்ன வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அளவோடு திசையும் கொண்ட காவிகள் என்ற பாடம் வந்ததும் மூன்றும் நாலும் ஏழாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம் என்கிறார்கள். இதில் எதைப் பிடித்துக்கொள்வது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்குச் சரியான விடை கிடைக்காத பிள்ளை சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போகிறது. சூத்திரம் மறந்ததும் பாடமும் போய்விடுகிறது.

ஆகவே இந்த முறை ஆசிரியர் பக்கத்தை அந்தப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுகிறேன். பெற்றோரும் கூட இருந்து வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. இதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், விலைகூடிய புத்தகமும் வேண்டாம். கொழும்பில் இருப்பவர்களுக்குப் புறக்கோட்டை போதும்.

புறக்கோட்டையின் தெருக்களை மனதில் கொண்டுவாருங்கள். முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு, மூன்றாம், நாலாம், ஐந்தாம் என்று கோட்டைப் பக்கமிருந்து கிழக்கு நோக்கி எண் ஏறிக்கொண்டு போகும். அவற்றை வெட்டிக்கொண்டு பிரதான வீதி, கெய்சர் வீதி, பிரின்ஸ் வீதி, மலிபன் வீதி, ஒல்கொட் மாவத்தை என்று வரிசையாக வீதிகள் கிடக்கின்றன. சீனியும் பருப்பும் வெங்காயமும் மொத்தமாக வாங்குகிறவர் நாலாம் குறுக்குத் தெருவுக்குப் போவார். நாட்டு மருந்துச் சரக்குத் தேடுகிறவர் கேபோஸ் லேனுக்குப் போவார். நகை வாங்கச் செட்டியார் தெரு. சிவப்பும் வெள்ளையுமாக 1909 இல் கட்டி முடிந்த ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் நிற்பது இரண்டாம் குறுக்குத் தெருவில். துறைமுகத்துக்கு வரும் கப்பற்காரர் ஒருகாலம் அதன் கோபுரங்களைப் பார்த்தே கொழும்பு வந்துவிட்டது என்று அறிந்தார்கள்.

ஒன்றையொன்று ஏறத்தாழச் செங்கோணத்தில் வெட்டும் இந்தத் தெருக்கள், கணக்குக்காகவே கோடு போட்டு வைத்த தாள் போல அமைந்துவிட்டன. உண்மையான வடக்கிலிருந்து அவை சற்றுச் சரிந்துதான் கிடக்கின்றன. ஆனாலும் குறுக்குத் தெருக்கள் வடக்குத் தெற்காகவும் மற்ற வீதிகள் கிழக்கு மேற்காகவும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இனிச் சொல்லும் மீற்றர் அளவுகளும் கணக்கு இலகுவாக வரவேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டவை.

சுமை தூக்கும் நாட்டாமை ஒருவர் கைவண்டில் நிறையச் சாமானுடன் பிரதான வீதியும் முதலாம் குறுக்குத் தெருவும் சந்திக்கும் மூலையில் நிற்கிறார். பிரதான வீதி வழியே கிழக்கே 200 மீற்றர் தள்ளி மூன்றாம் குறுக்குத் தெருவுக்கு வருகிறார். அங்கே திரும்பித் தெற்கே 150 மீற்றர் போய்ப் பிரின்ஸ் வீதியை அடைகிறார். முன்னால் லொறியொன்று வழியை அடைத்துக்கொண்டு சாமான் இறக்குகிறது. ஆகவே மேற்கே திரும்பி 80 மீற்றர் போய் இரண்டாம் குறுக்குத் தெருவைப் பிடிக்கிறார். அதிலே வடக்கே 60 மீற்றர் ஏறிக் கெய்சர் வீதி மூலையில் உள்ள கடையில் வண்டிலை நிறுத்துகிறார்.

அவர் வண்டில் தள்ளிய தூரம் 200, 150, 80, 60 எல்லாம் சேர்த்து 490 மீற்றர். புறப்பட்ட மூலையிலிருந்து இப்போது எவ்வளவு தள்ளி, எந்தத் திசையில் நிற்கிறார்? அதுதான் விளையுள் இடப்பெயர்ச்சி.

நாலு நடையையும் ஒரே மூச்சில் கூட்டப் போனால்தான் தலை சுற்றும். புறக்கோட்டைக் கடைகளின் கணக்குப்பிள்ளைமார் கொப்பியின் நடுவே கோடு கிழித்து வரவை ஒரு பக்கமும் பற்றை மறுபக்கமும் எழுதுவார்கள் அல்லவா? அப்படி நாங்களும் இரண்டு நிரல் போடுவோம். ஒன்று கிழக்கு நிரல், மற்றது வடக்கு நிரல். கிழக்கே போனால் சக, மேற்கே போனால் சய. வடக்கே போனால் சக, தெற்கே போனால் சய.

கிழக்கு நிரலில் 200 ஏறுகிறது, 80 இறங்குகிறது. மிச்சம் 120. வடக்கு நிரலில் 150 இறங்குகிறது, 60 ஏறுகிறது. மிச்சம் சய 90. அதாவது நாட்டாமை புறப்பட்ட இடத்துக்குக் கிழக்கே 120 மீற்றரிலும் தெற்கே 90 மீற்றரிலும் நிற்கிறார். நாலு நடை இரண்டு எண்ணாகச் சுருங்கிவிட்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை ஆகையால் பைதகரசின் தேற்றம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். 120 இன் வர்க்கம் 14,400. 90 இன் வர்க்கம் 8,100. கூட்டினால் 22,500. அதன் வர்க்கமூலம் 150. திசையை அறிய 90 ஐ 120 ஆல் வகுத்தால் 0.75 வரும். தான்சன் 0.75 ஆக உள்ள கோணம் ஏறத்தாழ 37 பாகை. ஆகவே கிழக்கிலிருந்து 37 பாகை தெற்கே சாய்ந்த திசையில் 150 மீற்றர். 490 மீற்றர் நடந்தவரின் விளையுள் இடப்பெயர்ச்சி அவ்வளவுதான்.

பிள்ளைகளே, இந்த முறை ஏன் சரியாக வருகிறது என்பதில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது. பிரதான வீதியில் கிழக்கே எவ்வளவு தூரம் போனாலும் வடக்குக் கணக்கில் ஒரு மீற்றர்கூட ஏறாது. குறுக்குத் தெருவில் எவ்வளவு இறங்கினாலும் கிழக்குக் கணக்கு அசையாது. செங்குத்தான இரண்டு திசைகள் ஒன்றின் கணக்கில் மற்றது தலையிடுவதில்லை. அதனால்தான் இரண்டையும் தனித்தனியே கூட்ட முடிகிறது. ஒரே நிரலுக்குள் நடப்பது நீங்கள் சின்ன வகுப்பில் படித்த அதே கூட்டலும் கழித்தலும்தான். மூன்றும் நாலும் ஒரே திசையில் இருந்தால் ஏழு. எதிர்த்திசையில் இருந்தால் ஒன்று. செங்குத்தாக இருந்தால் ஐந்து. எண்கள் உங்களை ஏமாற்றவில்லை. திசையையும் சொல்லுங்கள் என்று கேட்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நாலு நடையையும் எந்த ஒழுங்கில் நடந்தாலும் நிரல்களின் கூட்டுத்தொகை மாறாது. முதலில் தெற்கே 150, பிறகு கிழக்கே 200, பிறகு வடக்கே 60, கடைசியில் மேற்கே 80 என்று போனாலும் அவர் அதே கெய்சர் வீதி மூலைக்குத்தான் வந்து சேருவார். வழி வேறு, சேரும் இடம் ஒன்று.

வழி எப்போதும் செங்கோணத்தில் திரும்பாதே, சாய்ந்த ஒழுங்கை வந்தால் என்ன செய்வது? சைனும் கோசைனும் அதற்குத்தான் இருக்கின்றன. கிழக்கிலிருந்து 37 பாகை வடக்கே சாய்ந்த ஒழுங்கையில் 100 மீற்றர் நடந்தால், கிழக்குக் கூறு 100 இன் கோசைன் பங்கு, ஏறத்தாழ 80. வடக்குக் கூறு சைன் பங்கு, ஏறத்தாழ 60. இரண்டையும் அந்தந்த நிரலில் எழுதிவிட்டால் சாய்ந்த ஒழுங்கையும் நேரான தெருவாகிவிடும். பலர் புள்ளி இழப்பது இந்த இடத்தில்தான். கோணத்தைக் கிழக்கிலிருந்து தந்திருக்கிறார்களா, வடக்கிலிருந்து தந்திருக்கிறார்களா என்று பாராமல் கிழக்கு என்றால் கோசைன் என்று பழக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். கோணத்தை அணைத்து நிற்கும் கூறுக்குக் கோசைன், எதிரே நிற்கும் கூறுக்குச் சைன். அச்சின் பெயர் எதுவாக இருந்தாலும் இது மாறாது. கடைசியில் கோணத்தைக் கண்டதும் சிறிய படம் ஒன்றை வரைந்து பாருங்கள். கல்குலேற்றர் தரும் ஒரே கோணம் இரண்டு எதிர்த்திசைகளுக்குப் பொருந்தும். எந்தத் திசை என்று படந்தான் சொல்லும்.

இந்தக் கணக்கின் வரலாறும் புறக்கோட்டையின் வரலாறும் ஒரே நாட்டைத் தொட்டுக்கொண்டு போவது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1656 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றினார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த பகுதியைப் பழைய நகரம் என்று அழைத்தார்கள். நேர்கோடாகத் தெருக்கள் கிடக்கும் இன்றைய அமைப்பு அவர்கள் காலத்தது. கெய்சர் வீதி, பிரின்ஸ் வீதி என்ற பெயர்களும் அக்காலத்தின் மிச்சங்கள். ஆளுநராக இருந்த தோமஸ் வான் றீ வாழ்ந்த மாளிகை இன்று பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் கால நூதனசாலையாக நிற்கிறது.

ஒல்லாந்தில் அதற்கு முன்பே வாழ்ந்தவர் சைமன் ஸ்டெவின் என்ற பொறியியலாளர். 1586 இல் அவர் வெளியிட்ட நூல் சாய்தளத்தில் கிடக்கும் பாரங்களை ஆராய்கிறது. விசைகளை முக்கோணத்தின் பக்கங்களாக வைத்துக் கணிக்கும் வழியை அவர் அதில் திறந்து வைத்தார். அதே மனிதர் நகரங்களை எப்படி அமைக்க வேண்டும் என்றும் எழுதினார். அவர் காட்டிய நகரம் செங்கோணத்தில் வெட்டும் நேரான தெருக்களைக் கொண்டது. அவர் 1620 இல் இறந்தார். அந்த எழுத்து 1649 இல் அச்சேறியது. ஒல்லாந்தர் கடல் கடந்து அமைத்த நகரங்களில் அதன் சாயலைக் காணும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கேத்திரகணிதத்தை அட்சரகணிதத்தோடு இணைத்த டேக்கார்ட்டின் நூல் 1637 இல் வெளிவந்ததும் ஒல்லாந்தின் லைடன் நகரில்தான்.

கடலிலோ இந்தக் கூட்டல் சாப்பாட்டுப் பிரச்சினை, உயிர்ப் பிரச்சினை. நெடுங்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று சொல்லத் தெருப்பலகை இல்லை. அக்கால ஐரோப்பிய மாலுமிகள் 32 திசைகள் குறித்த ஒரு மரப்பலகையை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு திசைக்கும் எட்டுத் துளைகள். அரை மணிக்கொரு தடவை, கப்பல் போன திசையில் உள்ள துளையில் ஒரு முளையைச் செருகுவார்கள். நாலு மணித்தியாலக் காவல் முடிந்ததும் எட்டு முளைகளையும் பார்த்து ஏட்டில் பதிவார்கள். பிறகு ஒவ்வோர் ஓட்டத்தையும் வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் பிரித்துத் தரும் அட்டவணைகளைக் கொண்டு நிகர இடப்பெயர்ச்சியைக் கணித்தார்கள். நீங்கள் கொப்பியில் போடும் இரண்டு நிரல்கள் அவர்களுடைய ஏட்டில் இருந்தவைதான்.

அந்தக் கணக்கில் விட்டுப்போகக் கூடாத இன்னொரு காவி நீரோட்டம். இலங்கைக்குத் தெற்கே சோழகக் காலத்தில் கடல் நீர் கிழக்கு நோக்கி ஓடும். மார்கழி, தை மாதங்களில் மேற்கு நோக்கித் திரும்பிவிடும். கப்பல் எந்தத் திசையை நோக்கி ஓடினாலும் நீர் அதைத் தன் பக்கமும் கொண்டுபோகும். கப்பலின் ஓட்டத்தோடு நீரோட்டத்தையும் கூட்டினால்தான் நிற்கும் இடம் தெரியும். பரீட்சைத் தாளில் வரும் ஆறும் படகும் கணக்கு இதன் சின்ன வடிவம்.

காவி என்ற கருத்துக்கு இன்றைய உருவம் கிடைத்தது மிகப் பிந்தித்தான். டப்ளினில் ஹமில்டன் 1843 இல் கண்ட புதிய எண்களிலிருந்து அது கிளைத்தது. அமெரிக்காவில் கிப்ஸும் இங்கிலாந்தில் ஹெவிசைட்டும் அந்த நூற்றாண்டின் கடைசியில் அதை நாம் இன்று எழுதும் முறைக்குக் கொண்டுவந்தார்கள். இவர்களில் ஹெவிசைட் 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். தந்தி அனுப்பும் வேலை பார்த்துக்கொண்டு தானாகவே படித்தவர். வகுப்புக்குப் போக வசதியில்லை என்று மனம் சோரும் பிள்ளைகள் அவர் பெயரை நினைவில் வைத்திருங்கள்.

இனி எண்களைக் கற்பனையாக எடுக்காமல் ஒரு நிசமான பயணத்துக்குப் போவோம். கொட்டாஞ்சேனையில் இருக்கும் பிள்ளை ரியூசனுக்காக வெள்ளவத்தைக்குப் போகிறது. கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தடியில் பஸ் ஏறிக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்குகிறது. அங்கிருந்து கடற்கரை ஓரமாக ஓடும் ரயிலில் வெள்ளவத்தை நிலையம் வருகிறது. பஸ் எந்த வீதியால் வந்தது, ரயில் எங்கே வளைந்தது என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. கையில் இருக்கும் தொலைபேசி ஒவ்வோர் இடத்துக்கும் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் தரும். கோட்டை நிலையம் வடக்கு 6.93 பாகைக்கு அண்மையில் இருக்கிறது, வெள்ளவத்தை நிலையம் 6.87 பாகைக்கு அண்மையில். அகலக்கோட்டில் 0.01 பாகை என்பது நிலத்தில் ஏறத்தாழ 1.1 கிலோமீற்றர்.

அரைக் கிலோமீற்றருக்கு முழுமைப்படுத்திச் சொல்கிறேன். பேராலயத்திலிருந்து கோட்டை நிலையம் தெற்கே 1.5 கிலோமீற்றர், மேற்கே 1.5 கிலோமீற்றர். கோட்டையிலிருந்து வெள்ளவத்தை தெற்கே 6.5 கிலோமீற்றர், கிழக்கே 1 கிலோமீற்றர். கரை தெற்கே போகப் போகச் சற்றுக் கிழக்கே ஒதுங்குவதால் அந்த ஒரு கிலோமீற்றர் வருகிறது. நிரல்களைக் கூட்டுங்கள். தெற்கே 8, மேற்கே அரை. முதல் ஓட்டத்தில் மேற்கே போனதில் பெரும்பகுதியை இரண்டாம் ஓட்டம் திருப்பிக் கொடுத்துவிட்டது. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 8.02 கிலோமீற்றர் வரும். அந்த அரைக் கிலோமீற்றர் மொத்த நீளத்தில் 20 மீற்றர் அளவுகூடச் சேர்க்கவில்லை. பெரிய கூறொன்றுக்குச் செங்குத்தாகச் சிறிய கூறொன்று சேரும்போது நீளம் அதிகம் மாறாது, திசைதான் சற்றுத் திரும்பும். விடையைச் சரிபார்க்க இந்த உணர்வு மிகவும் உதவும்.

கொழும்பு நடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் இங்கே ஒரு பாகை நெடுங்கோடும் ஒரு பாகை அகலக்கோடும் ஏறத்தாழச் சமநீளம். வெளிநாட்டில் இருக்கும் வாசகர்கள் இதை அப்படியே எடுக்கக் கூடாது. வடக்கே போகப் போக நெடுங்கோடுகள் நெருங்குகின்றன. ரொறன்ரோவில் ஒரு பாகை நெடுங்கோடு ஏறத்தாழ 80 கிலோமீற்றர்தான். இலண்டனில் 69. கிழக்கு மேற்குக் கூறை அந்த இடத்து அகலக்கோட்டின் கோசைனால் பெருக்கிக்கொண்டால் கணக்குச் சரியாகும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இடப்பெயர்ச்சி சிறியது என்பதால் பயணம் சிறியது என்று ஆகிவிடாது. செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ஆடிவேல் தேர் காலி வீதி வழியே பம்பலப்பிட்டி போய்ச் சேர்கிறது. விழா முடிந்து திரும்பிச் செட்டியார் தெருவுக்கே வருகிறது. போனது தெற்கே எவ்வளவோ அவ்வளவும் வடக்கே திரும்புகிறது. விளையுள் இடப்பெயர்ச்சி பூச்சியம். இடப்பெயர்ச்சி பூச்சியம் என்பதால் சராசரி வேகமும் பூச்சியம், ஆனால் சராசரிக் கதி பூச்சியமல்ல. தேர் நின்ற வாசல்களில் நிறைகுடம் வைத்தவர்களுக்கு அந்தப் பூச்சியத்தால் எந்தக் குறையும் இல்லை. இடப்பெயர்ச்சி என்ற கணியத்திடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம்? அதற்கு அது உண்மையான விடை தருகிறது.

நாட்டாமைமாரின் உழைப்பையும் அந்த ஒரு கேள்வியால் அளக்கக் கூடாது. கூலியைப் பேசுகிறவர் 150 மீற்றரைப் பார்த்துப் பேசினால் அது அநியாயம். 490 மீற்றரும் வண்டில் தள்ளியது அவருடைய கைகள். இன்னும் ஒன்று: சமதரையில் தோளில் மூடையோடு ஒரே சீராக நடப்பவர் புவியீர்ப்புக்கு எதிராக வேலை எதுவும் செய்யவில்லை என்று பௌதிகவியல் சொல்லும். மூடையைத் தூக்கித் தோளில் ஏற்றியபோது செய்த வேலையை மட்டுமே அந்தக் கணக்கு எழுதும். ஆனால் பாரத்தைத் தாங்கி நிற்கத் தசைகள் கணத்துக்குக் கணம் சக்தியைச் செலவழித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அது உடலின் கணக்கு. எந்தக் கேள்விக்கு எந்தக் கணியம் விடை சொல்கிறது என்று தெரிந்தவர்தான் பௌதிகவியல் படித்தவர். ஒரு கணியத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் விலை போடுகிறவர் அதைப் படிக்கவில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். போயா நாள் காலையில், கடைகள் பூட்டி நெரிசல் குறைந்திருக்கும் வேளையில், ஒரு வகுப்பைப் புறக்கோட்டைக்குக் கூட்டிச் செல்லுங்கள். இருவர் இருவராகப் பிரித்து, ஒரே மூலையிலிருந்து வெவ்வேறு வழியால் அனுப்புங்கள். ஒவ்வொரு தெருவிலும் காலடி எண்ணி இரண்டு நிரலில் எழுதட்டும். எல்லாரும் ஒரே மூலையில் வந்து சேர்ந்ததும் கொப்பிகளை ஒப்பிடுங்கள். தூரம் ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக இருக்கும். நிரல்களின் மிச்சம் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நிற்கும். அதைத் தன் கையெழுத்திலேயே கண்ட பிள்ளைக்குப் பிறகு விளக்கம் தேவைப்படாது. வரும் சிறிய வேறுபாடுகளை வைத்து அளவீட்டு வழுக்களையும் அதே இடத்தில் படிப்பிக்கலாம்.

வாசகர்களிடமும் கேட்கிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், வேலைத்தலம், கோயில், சந்தை என்று நீங்கள் அன்றாடம் போகும் ஒரு வழியை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் இடங்களைக் குறித்து, கிழக்கு நிரலும் வடக்கு நிரலும் போட்டு, விளையுளைக் கண்டு எங்களுக்கு அனுப்புங்கள். வீட்டு முகவரி வேண்டாம், ஊர்ப் பெயர் போதும். யாழ்ப்பாணத்திலிருந்தும் ஹற்றனிலிருந்தும் சென்னையிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் கணக்குகளைச் சேர்த்து அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். மாணவர்களின் கணக்குகளுக்கு முதலிடம்.

பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளே, கேள்வி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயப்படாதீர்கள். அச்சுகளை முதலில் வரையுங்கள். ஒவ்வொரு காவியையும் இரண்டாகப் பிரியுங்கள். சக, சய குறிகளை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். நிரல்களைக் கூட்டிய பின்னரே வர்க்கமூலத்துக்குப் போங்கள். இந்த ஒழுங்கைக் கைவிடாதவர்களுக்கு இந்தப் பாடம் புள்ளிகளை அள்ளித் தரும். உங்கள் எல்லோருக்கும் எங்கள் நல்வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்